கிப்பரின் பனிச்சிறுத்தைகளும் பட்டிக் கணக்கும்: ஒரு நிகழ்வு ஆய்வு

இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்கில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் கிப்பர், பனிச்சிறுத்தைப் பாதுகாப்பைப் பற்றிப் பேசும் எவரும் தாண்டிப் போக முடியாத ஊர். இந்த விலங்கு வாழும் 12 நாடுகளிலும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. ஆனால் ஓர் ஊரின் மேய்ச்சல் நிலத்தையும், கால்நடை இழப்பையும், அங்குள்ள காட்டு இரையையும், சிறுத்தைகளையும் சேர்த்து நீண்ட காலம் கவனித்து வந்த இடங்கள் மிகச் சில. கிப்பர் அவற்றில் ஒன்று. காட்டில் இரை பெருகிவிட்டால் சிறுத்தை ஊர்க் கால்நடையைத் தேடி வராது என்ற நம்பிக்கை பல பாதுகாப்புத் திட்டங்களுக்கு அடித்தளமாக இருந்து வந்திருக்கிறது. கிப்பரிலும் அதையொத்த இடங்களிலும் சேர்ந்த தரவுகளின் முன் அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் நின்றது என்பதே இந்த ஆய்வின் பொருள்.

விலங்கைப் பற்றி மிகச் சுருக்கமாக: வளர்ந்த பனிச்சிறுத்தை 22 முதல் 55 கிலோ வரை எடையுள்ளது, தன்னைவிட மூன்று மடங்கு எடையுள்ள இரையையும் வீழ்த்தக்கூடியது. புலி, சிங்கம் ஆகியவை அடங்கிய பேரினத்திலேயே அறிவியலாளர்கள் இதையும் சேர்த்திருக்கிறார்கள் என்றாலும் இது கர்ஜிப்பதில்லை. இமயமலைப் பகுதியில் இதன் முதன்மை இரை, நீல ஆடு எனப்படும் பரால், ஐபெக்ஸ் மலையாடு ஆகிய இரண்டும். இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணை இதைக் காக்கிறது.

இழப்பின் அளவு

கிப்பர் வனவிலங்குச் சரணாலயத்தின் பரப்பு ஏறத்தாழ 2,220 சதுர கிலோமீட்டர். சரணாலயம் என்றதும் மனிதர் நுழையாத காடு நினைவுக்கு வரலாம், இது அப்படிப்பட்டதன்று. மரங்களே இல்லாத இந்தக் குளிர்ப் பாலைநிலத்தின் புல்வெளிகள் தலைமுறை தலைமுறையாக ஊர் மக்களின் மேய்ச்சல் நிலங்கள். பார்லியும் பட்டாணியும் பயிரிட்டு, யாக், குதிரை, கழுதை, செம்மறி, வெள்ளாடு ஆகியவற்றை வளர்த்து வாழும் குடும்பங்கள் இவை.

இந்தக் குடும்பங்களின் இழப்பை முறையாகப் பதிவு செய்தது சாருதத் மிஸ்ரா 1997இல் வெளியிட்ட ஆய்வு. பதினெட்டு மாதங்களில் 189 கால்நடைகளைக் காட்டு விலங்குகள் கொன்றதாக மக்கள் கூறினார்கள். அது அவர்களிடமிருந்த மொத்தக் கால்நடைகளில் 18 விழுக்காடு. பணமாகக் கணக்கிட்டால், ஒரு குடும்பத்தின் ஆண்டு இழப்பு அங்குள்ள சராசரி தனிநபர் ஆண்டு வருமானத்தில் பாதியை எட்டியது. அரசு இழப்பீடாக வந்த தொகையோ, மக்கள் கூறிய ஆண்டு இழப்பில் வெறும் 3 விழுக்காடு.

இவை மக்கள் கூறிய எண்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. நோயிலும் பனியிலும் மடிந்த ஒன்றிரண்டு விலங்குகள் சிறுத்தையின் கணக்கில் ஏறியிருக்கலாம். ஓநாய் கொன்றவையும் இதில் அடங்கும். ஆயினும், மந்தைக்காரர் கோபம் கொள்வதும் பழிதீர்க்கப் புறப்படுவதும் தாம் நம்பும் கணக்கை வைத்துத்தான். ஆய்வாளர் சரிபார்த்துத் தரும் கணக்கை வைத்தல்ல. ஆகவே பாதுகாப்புத் திட்டம் தீட்டுபவருக்கு இந்த 18 விழுக்காடு, துல்லியமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், மெய்யான எண்தான். வனவிலங்கு வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்பு 2016இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2008 முதல் ஆண்டுதோறும் 221 முதல் 450 பனிச்சிறுத்தைகள் வரை கொல்லப்பட்டு வந்தன. அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை கால்நடை இழப்புக்குப் பழிவாங்கும் முகமாகக் கொல்லப்பட்டவை. தோலுக்காகவே துப்பாக்கி தூக்கும் வேட்டைக்காரரைவிட, ஆட்டைப் பறிகொடுத்த குடும்பமே இந்த விலங்கின் வாழ்வுக்கும் சாவுக்கும் நெருக்கமானது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல இயலாது.

இழப்பு நேரும் விதம் இரண்டு. முதலாவது, உயர்ந்த மேய்ச்சல் நிலங்களில் ஆளின்றித் திரியும் யாக், குதிரை போன்ற பெரிய விலங்குகளும் அவற்றின் குட்டிகளும் கொல்லப்படுவது. இரண்டாவது, இரவில் பட்டிக்குள் சிறுத்தை புகுவது. மலையூர்ப் பட்டி என்பது பெரும்பாலும் கல்லடுக்கிய சுவர். கூரை அறவே இல்லாமலும் இருக்கும், அல்லது நடுவில் காற்றுக்கென விட்ட திறப்புடன் கழிகள் பரப்பியதாகவும் இருக்கும். திறப்பு வழியாகக் குதிக்கும் சிறுத்தைக்கு உள்ளே இறங்குவது எளிது. இருட்டில் நெருக்கியடித்துக்கொண்டு மருண்டோடும் ஆடுகளின் நடுவே அது நின்றுகொள்ளும்போது, ஒன்றைக் கொன்று இழுத்துச் செல்லும் வழக்கமான வேட்டை அங்கே நடப்பதில்லை. அசைவு ஓயும்வரை ஒன்றன்பின் ஒன்றாகக் கடித்துக்கொண்டே போகிறது. ஒரே இரவில் பல பத்து ஆடுகள் மடிந்த நிகழ்வுகள் பனிச்சிறுத்தை வாழும் பல நாடுகளிலும் பதிவாகியிருக்கின்றன. காலையில் கதவைத் திறப்பவர் காண்பது ஓராண்டு வருமானத்தின் அழிவை. சில வேளைகளில் வெளியேற வழி தெரியாமல் மூலையில் பதுங்கியிருக்கும் சிறுத்தையையும். பழிவாங்குவதற்கு அந்த நிலையைவிட எளிதான தருணம் வேறு இல்லை.

ஊர் எடுத்த நடவடிக்கைகள்

1990களின் இறுதியில், மைசூருவைத் தலைமையிடமாகக் கொண்ட இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வாளர்களும் கிப்பர் மக்களும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். ஊருக்குச் சொந்தமான மேய்ச்சல் நிலத்தில் ஏறத்தாழ 5 சதுர கிலோமீட்டரை மக்கள் மேய்ச்சலிலிருந்து விலக்கி வைப்பார்கள். அதனால் இழக்கும் புல்லுக்கு ஈடாக ஊருக்கு ஒரு தொகை வழங்கப்படும். எல்லையைக் காப்பவர்களும் ஊர்க்காரர்களே. அந்நிலத்தில் ஆடுமாடுகள் இறங்காத நிலையில் புல் தழைத்தது. அதை நம்பி நீல ஆடுகள் பெருகின. பின்னர் இந்த ஒதுக்கிடம் விரிவுபடுத்தப்பட்டது.

இதன் பின்னால் இருந்த தர்க்கம் எளிது. நீல ஆடும் ஊர்க் கால்நடையும் ஒரே புல்லைத்தான் மேய்கின்றன. கால்நடை நெரிசல் மிகுந்த சரிவுகளில் நீல ஆடுகள் குறைவாகவும், அவற்றின் பெண் ஆடுகளுக்குத் தங்கும் குட்டிகள் குறைவாகவும் இருப்பதை ஸ்பிதியில் நடந்த ஒப்பீடுகளே காட்டியிருந்தன. புல் கிடைத்தால் குட்டி பிழைக்கும். குட்டி பிழைத்தால் மந்தை பெருகும். மந்தை பெருகினால் சிறுத்தைக்கு இரை. சங்கிலியின் இந்தக் கண்ணிகள் அனைத்தும் உறுதியானவை என்பது கிப்பரில் நிரூபணமாயிற்று. அடுத்த கண்ணியில்தான் சிக்கல், அதைப் பின்னர் காண்போம்.

2002இல் ஊரில் கால்நடைக் காப்பீடு தொடங்கியது. அரசு இழப்பீட்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பணத்தின் அளவில் மட்டும் இல்லை. இதில் உரிமையாளர் ஒவ்வொரு விலங்குக்கும் தவணை கட்டுகிறார்; தொடக்க ஆண்டுகளில் வெளியிலிருந்து வந்த நிதி அந்தக் கையிருப்பைத் தாங்கியது; இறந்த விலங்கைப் பார்த்து, கொன்றது எது என்று தீர்மானிப்பது ஊர்க் குழு. தொலைவிலிருந்து ஓர் அலுவலர் வந்து சேரும்வரை சடலத்தைக் கழுகுகளிடமிருந்து காத்துக்கொண்டு உட்கார வேண்டிய தேவை இல்லை. அதைவிட முக்கியமானது, பொய்க் கோரிக்கை வைப்பவர் ஏமாற்றுவது அரசை அன்று. பக்கத்து வீட்டுக்காரர் கட்டிய பணத்தை. அக்கறையுடன் மேய்த்து இழப்பைக் குறைத்தவர்களுக்குத் தனியே ஊக்கத்தொகையும் உண்டு. இந்த ஏற்பாட்டின் மிக நுட்பமான பகுதி அதுவே என்று கருதுகிறேன்: இழந்தவருக்கு மட்டும் பணம் கொடுக்கும் திட்டம், இழக்காமல் காத்தவரின் உழைப்பைக் கண்டுகொள்வதே இல்லை.

பட்டிகளைப் பலப்படுத்துவது மூன்றாவது வேலை. கூரைக்கு மரச்சட்டமும் கம்பி வலையும், இறுக மூடும் கதவும் போட்டுவிட்டால் பட்டிக்குள் நேரும் கூட்டக் கொலை ஏறக்குறைய முற்றாக நின்றுவிடுகிறது. லடாக்கின் ஹெமிஸ் பகுதியிலும் இதே முறை பயன் தந்திருக்கிறது. ஆனால் வலை காப்பது பட்டிக்குள் இருப்பவற்றை மட்டுமே. மேட்டு நிலத்தில் திரியும் குதிரைக்குட்டிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

இரை பெருகியதும் நடந்தது

காட்டு இரை கூடினால் கால்நடை மீதான தாக்குதல் குறையும் என்ற எதிர்பார்ப்பை ஒரே ஊரில் மட்டும் வைத்துச் சோதிக்க முடியாது. குல்பூஷண்சிங் சூர்யவன்ஷியும் அவருடைய சக ஆய்வாளர்களும் இந்தியாவிலும் மங்கோலியாவிலும் ஏழு இடங்களில் இரையின் அடர்த்தி, கால்நடையின் அடர்த்தி, சிறுத்தைகளின் அடர்த்தி ஆகியவற்றை ஒப்பிட்டு 2017இல் முடிவுகளை வெளியிட்டார்கள். காட்டு இரை கூடக் கூடச் சிறுத்தைகளும் அதே விகிதத்தில் கூடின. கால்நடை எத்தனை இருந்தது என்பதற்கும் சிறுத்தைகளின் அடர்த்திக்கும் தொடர்பு தென்படவில்லை. கால்நடைத் தாக்குதலோ, இரை கூடியபோது குறையவில்லை. முதலில் உயர்ந்து, ஒரு கட்டத்துக்குப் பின் அதே மட்டத்தில் நின்றது.

இதற்கு விளக்கம் கடினமில்லை. தனியொரு சிறுத்தையைப் பார்த்தால், அது காட்டு இரையைத்தான் விரும்புகிறது. மங்கோலியாவின் தெற்குக் கோபியிலுள்ள தோஸ்த் மலைகளில் ஜிபிஎஸ் கழுத்துப்பட்டை அணிவிக்கப்பட்ட 19 சிறுத்தைகளின் 249 வேட்டைகளை ஓர்யன் யோஹான்சனும் பிறரும் ஆராய்ந்தபோது, 73 விழுக்காடு காட்டு விலங்குகளாகவும் 27 விழுக்காடு மட்டுமே கால்நடைகளாகவும் இருந்தன. அங்கே கால்நடைகள் காட்டு இரையைவிடக் குறைந்தது பத்து மடங்கு மிகுதி என்ற நிலையிலும் இப்படி. சராசரியாக ஒரு சிறுத்தை எட்டு நாட்களுக்கு ஒருமுறை ஒரு பெரிய விலங்கைக் கொல்கிறது. ஆக, ஒவ்வொரு சிறுத்தையும் கால்நடையைக் குறைவாகவே தொடலாம். ஆனால் அப்படிக் குறைவாகத் தொடுபவை நான்குக்குப் பதில் ஏழு இருந்தால், ஊரின் கணக்கில் இழப்பு கூடத்தான் செய்யும். தனி விலங்கின் நடத்தையை வைத்து எழுந்த எதிர்பார்ப்பு, விலங்குகளின் எண்ணிக்கை மாறும் என்பதைக் கணக்கில் கொள்ளவில்லை.

இதைத் தோல்வி என்று படிப்பது தவறு. சிறுத்தைகள் பெருகியிருக்கின்றன என்றால் ஒதுக்கிடம் தன் வேலையைச் செய்திருக்கிறது. ஆனால் அந்த வெற்றிக்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்ற கேள்வியை இனி ஒத்திப்போட முடியாது. மேய்ச்சல் ஒதுக்கிடம் மட்டும் அமைத்துவிட்டு, வலைக்கூரையும் காப்பீடும் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விடும் திட்டம், தன் வெற்றியாலேயே ஊரைப் பகைத்துக்கொள்ளும். கிப்பரில் இவை ஒருங்கே நடந்தன. அதனால்தான் ஊர் இன்னும் திட்டத்துடன் நிற்கிறது என்பது என் கணிப்பு.

கழுத்துப்பட்டை தரவு கிடைக்கும் விதத்தையும் சற்றுப் பார்க்க வேண்டும், ஏனெனில் இந்த வாதமெல்லாம் அதன்மீது நிற்கிறது. சிறுத்தை வழக்கமாகச் சிறுநீர் தெளித்தும் மண்ணைப் பிறாண்டியும் அடையாளமிடும் பாறையடியில், காலைப் பிடிக்கும் கயிற்றுக் கண்ணி புதைக்கப்படுகிறது. கண்ணி இறுகிய உடனே அதனுடன் பிணைந்த ரேடியோக் கருவி முகாமுக்குச் செய்தி அனுப்பும். இரவின் எந்த நேரமானாலும் ஆய்வாளர்கள் விரைந்து போய் மயக்க ஊசி செலுத்தி, எடையும் அளவும் எடுத்து, பட்டையைப் பூட்டி, விலங்கு எழுந்து நடக்கும்வரை தொலைவில் காத்திருக்கிறார்கள். குறித்த காலம் கழிந்ததும் பட்டை தானே கழன்று விழும். பட்டை அனுப்பும் இடப்புள்ளிகள் ஓரிடத்தில் குவிந்தால், சிறுத்தை அங்கே எதையோ கொன்று தின்றுகொண்டிருக்கிறது என்று பொருள்; அது போன பின் ஆய்வாளர் அங்கே ஏறிப்போய்க் கொம்பையும் எலும்பையும் பார்த்து இரை எது என்று எழுதுகிறார். 1980களில் நேபாளத்தின் லாங்கு பள்ளத்தாக்கில் ராட்னி ஜாக்சனும் கேரி ஆல்போர்னும் ஐந்து சிறுத்தைகளுக்கு முதன்முதலாக ரேடியோப் பட்டை அணிவித்தபோது, சமிக்ஞையைத் தேடி மலைமுகடுகளில் நடந்தே திரிய வேண்டியிருந்தது.

தோஸ்த் பட்டைகள் இன்னொன்றையும் சொல்லின. ஓர் ஆண் சிறுத்தையின் வாழ்விட எல்லை சராசரியாக 207 சதுர கிலோமீட்டர், பெண்ணுடையது 124. பனிச்சிறுத்தை வாழும் பகுதியிலுள்ள 170 பாதுகாக்கப்பட்ட இடங்களில் 40 விழுக்காடு, ஒரேயொரு ஆணின் எல்லையைவிடச் சிறியவை. கிப்பர் சரணாலயம் அளவில் பெரியதுதான். ஆனால் அதற்குள்ளும் ஊர்கள் இருக்கின்றன, மேய்ச்சல் இருக்கிறது. மந்தைக்காரரை வெளியேற்றிப் பனிச்சிறுத்தையைக் காப்பது என்பது வரைபடத்திலேயே நடவாத காரியம்.

எத்தனை சிறுத்தைகள் என்று எப்படித் தெரியும்

சிறுத்தை கூடியது, குறைந்தது என்று சொல்வதற்கு எண்ணிக்கை வேண்டும். ஒவ்வொரு சிறுத்தையின் உடலிலும் புள்ளி வளையங்களின் அமைப்பு வேறு; ஆகவே தானியங்கி கேமராவில் பதியும் படங்களை ஒப்பிட்டு, இது அதே விலங்கா, வேறொன்றா என்று பிரிக்கலாம். கேட்பதற்கு எளிதாக இருக்கும் இந்த வேலையின் நடைமுறை வேறு. குளிர்கால ரோமம் நீண்டு அடர்ந்திருப்பதால், விலங்கு வளைந்தால் புள்ளியும் வளைகிறது. வலப்பக்கப் படம் ஒன்றும் இடப்பக்கப் படம் ஒன்றும் கிடைத்தால் இரண்டையும் இணைக்க வழியில்லை. இரவுப் படத்தில் பாதி உடல் வெள்ளையாக வெளிறிப் போயிருக்கும். கால், விலா, வால் ஆகியவற்றின் சிறு சிறு புள்ளிகளை மணிக்கணக்கில் ஒப்பிடுகிறார்கள்.

2020இல் வெளியான ஒரு சோதனை இதன் விளைவை அளந்து காட்டியது. விலங்குக் காட்சிசாலைகளிலுள்ள, அடையாளம் ஐயமின்றித் தெரிந்த 16 பனிச்சிறுத்தைகளின் படங்களை எட்டுப் பேரிடம் கொடுத்துப் பிரிக்கச் சொன்னார்கள். ஏறத்தாழ எட்டில் ஒரு பதிவு தவறாக வகைப்படுத்தப்பட்டது. தவறுகளும் இருபக்கமும் சமமாக விழவில்லை: ஒரே விலங்கை இரண்டாக எண்ணுவதே மிகுதி. முடிவில், மொத்த எண்ணிக்கை மெய்யான அளவைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வந்தது. கவனக்குறைவு எப்போதும் நல்ல செய்தியின் பக்கமே சாய்கிறது என்பதுதான் இதில் கவலைக்குரியது.

கேமராவை எங்கே வைக்கிறோம் என்பது அடுத்த சிக்கல். ஹெமிஸ் தேசியப் பூங்காவில் ஜாக்சன் குழு 2003இலும் 2004இலும் கேமரா வைத்தபோது இரண்டு ஆண்டுகளிலும் ஆறு தனி விலங்குகளே பதிவாயின. ஆயினும் 100 சதுர கிலோமீட்டருக்கு முதலாண்டு 8.49 என்றும் மறு ஆண்டு 4.45 என்றும் அடர்த்தி கணக்காயிற்று. கேமராக்களின் இடைவெளியும் இடமும் மாறியதே காரணம், சிறுத்தைகள் குறையவில்லை என்று குழுவே விளக்கியது. மேலும், நல்ல வாழ்விடம் என்று தெரிந்த பள்ளத்தாக்கிலேயே கேமரா வைத்து, அதன் எண்ணை மொத்தப் பரப்புக்கும் பெருக்குவது நீண்ட காலம் வழக்கமாக இருந்தது. பனிச்சிறுத்தையை 'அருகிவரும் இனம்' என்ற நிலையிலிருந்து 'அழிவாய்ப்புள்ள இனம்' என்ற குறைந்த அபாய நிலைக்கு 2017இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் மாற்றியபோது எழுந்த கருத்து வேறுபாடு பெருமளவில் இத்தகைய எண்களின் நம்பகத்தைப் பற்றியதே.

இமாச்சலப் பிரதேச வனத்துறையும் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையும் சேர்ந்து நடத்தி, 2021இல் வெளியிட்ட மாநிலக் கணக்கெடுப்பு இந்தப் பாடங்களைக் கற்றுக்கொண்ட பின் வந்தது. 26,112 சதுர கிலோமீட்டரை வாழ்விடத் தரத்தின்படி வகுத்து, சிறுத்தை அரிதாக இருக்கும் பகுதிகளையும் விடாமல், பத்து இடங்களில் 284 கேமராக்கள் வைக்கப்பட்டன. கேமராக்களை வைத்து எடுத்தவர்களில் முன்னணியில் நின்றது கிப்பர் ஊர் இளைஞர்களின் குழு. பனி மூடிய முகட்டில் எந்தப் பாறையில் சிறுத்தை உரசிப் போகும் என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவு வெளியாருக்குத் தெரியாது. மந்தையுடன் திரிந்து பெற்ற அறிவு அது. 44 தனி விலங்குகள் படத்தில் சிக்கின. மாநிலத்துக்கான மதிப்பீடு 51; ஆனால் உண்மை 34க்கும் 73க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். அடர்த்தி 100 சதுர கிலோமீட்டருக்கு 0.08 முதல் 0.37 வரை மட்டுமே. ஹெமிஸின் 8.49 உடன் இதைப் பக்கத்தில் வைத்து ஸ்பிதி வறண்டுவிட்டது என்று எவரேனும் சொன்னால், அவர் ஒப்பிடுவது இரண்டு முறைகளை, இரண்டு இடங்களையல்ல.

நாடு முழுவதற்குமான கணக்கெடுப்பு 2019 முதல் 2023 வரை நடந்தது. 2024 ஜனவரியில் வெளியான அதன் முடிவு 718: லடாக் 477, உத்தராகண்ட் 124, இமாச்சலம் 51, அருணாச்சலம் 36, சிக்கிம் 21, ஜம்மு காஷ்மீர் 9. கேமராவில் உண்மையில் பதிவான தனி விலங்குகள் 241. மீதி கணித மாதிரியின் மதிப்பீடு. செய்திகளில் 718 முன்னே நின்றது. 241 பின்னுக்குப் போனது பெருங்குற்றமில்லை என்றாலும், அடுத்த கணக்கெடுப்பில் எண் மாறும்போது குழப்பம் அங்கிருந்துதான் தொடங்கும்.

இன்றைய நிலை

கிப்பரில் சிக்கலின் வடிவம் மாறிக்கொண்டிருக்கிறது. குளிர்காலத்தில் பனிச்சிறுத்தையைக் காணவும் படமெடுக்கவும் பயணிகள் வருகிறார்கள். விடுதி, வழிகாட்டி, சுமைதூக்குதல் என்று பணம் ஊருக்குள் இறங்குகிறது. இது நல்லதுதான். ஆனால் அறை வாடகை பெறுபவரும் குதிரைக்குட்டியைப் பறிகொடுப்பவரும் ஒருவராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. சுற்றுலா வருவாயில் ஒரு பங்கு காப்பீட்டுக் கையிருப்புக்குச் செல்லும்படி விதி வகுத்தால் மட்டுமே இரண்டும் ஒரே கணக்கில் சேரும். பயணிகளும் கட்டுமானமும் விட்டுச்செல்லும் கழிவை உண்டு பெருகிய தெருநாய்கள் ஸ்பிதியில் ஆடுகளைக் கொல்வதில் காட்டு விலங்குகளுக்குச் சளைத்தவையல்ல. அவை நீல ஆடுகளையும் துரத்துகின்றன. நாய் கொன்ற ஆட்டுக்குச் சிறுத்தைக் காப்பீட்டில் இடமில்லை. ஆனால் பறிகொடுத்தவரின் மனத்தில் அந்தப் பாகுபாடு எப்போதும் தெளிவாக இருப்பதில்லை.

இந்த நிலையில் செய்ய வேண்டியவையாகத் தெரிபவை இரண்டு. மாநிலக் கணக்கெடுப்பு ஒவ்வொரு முறை மீண்டும் நடக்கும்போதும், அதே இடங்களில், அதே இடைவெளியில், அதே அடையாள முறையுடன், படங்களை ஒருவர் பிரித்ததை அறியாத மற்றொருவர் சரிபார்க்கும் ஏற்பாட்டுடன் நடக்க வேண்டும். இல்லையேல் முன்னைய 51ஐ எதனுடனும் ஒப்பிட இயலாது. சிறுத்தைகளின் எண்ணிக்கை வெளியிடப்படும் அதே அறிக்கையில், அதே பரப்புக்குள் எத்தனை கால்நடைகள் எதனால் மடிந்தன, எத்தனைக்கு ஈடு கிடைத்தது என்ற ஊர்வாரிக் கணக்கும் இடம்பெற வேண்டும். ஊர்க் காப்பீட்டுக் குழுக்களின் பதிவேடுகளில் அதற்கான விவரங்களில் பெரும்பகுதி ஏற்கெனவே இருக்கும். அவற்றைத் தொகுப்பதற்கு ஆகும் செலவு, ஒரு மலைச்சரிவில் கேமரா வைக்கும் செலவைவிட மிகக் குறைவு.